தகர வேலியைச் செடியால் மறைப்பது: கொழும்பு வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெஹிவளையில் நாங்கள் இருக்கும் ஒழுங்கையில் பக்கத்துக் காணி விலைப்பட்டு ஒரு மாதம் ஆகவில்லை, தகர வேலி வந்துவிட்டது. அதுவரை அந்தப் பக்கம் ஒரு மாமரமும் பாதி இடிந்த கபூக் மதிலும் இருந்தன. இப்போது விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தால் கண்ணுக்கு முன்னால் எட்டடித் தகரம். பாதி புதிது, மீதி எங்கோ ஒரு கூரையில் இருந்து கழற்றி வந்தது. அதன் ஆணித் துவாரங்கள் வழியாக மாலை வெயில் புள்ளி புள்ளியாக உள்ளே விழும்.

அவசரப்பட்டேன். இரண்டு இரங்கூன் மல்லிக் கன்றுகளை வாங்கித் தகரத்தின் அடியிலேயே நட்டு, கொடியைத் தகரத்தின் மேல் ஆணிகளில் கட்டினேன். ஏழு மாதத்தில் கொடி உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் தொங்கியது. பூவெல்லாம் அவர்களுக்கு, வெறுந்தண்டு எங்களுக்கு. மே மாதக் காற்றும் மழையும் வந்தபோது, நனைந்த கொடியின் பாரத்தில் இரண்டு தகடுகள் சரிந்தன. காணியில் காவலுக்கு இருந்த ஐயா வந்து பார்த்துவிட்டு, “தம்பி, உங்கட கொடிதான் எங்கட தகரத்தைச் சாய்ச்சுப்போட்டுது” என்றார். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பிடுங்கி, முதலில் இருந்து செய்தேன். இரண்டாம் தடவை கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் முக்கியமானது ஒன்று: செடி வேலியில் சாயக்கூடாது. வேலிக்கு முன்னால், தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

வேலி என்ன வேலி, யாருடைய வேலி?

கொழும்பில் கண்ணை உறுத்தும் வேலிகள் பெரும்பாலும் நான்கு வகை: தகரம், தூண்களுக்கிடையில் செருகிய கொங்கிறீற் பலகை, பூசாமல் விட்ட கல் மதில், துருப்பிடித்த கம்பி வலை. இவற்றில் கம்பி வலை உங்களுடையதாக இருந்து, தூண்களும் ஆடாமல் இருந்தால், அதன் மீதே மெல்லிய கொடியை ஏற்றலாம். மற்ற மூன்றுக்கும் கொடியைத் தாங்க, வேலிக்கு முன்னால் பைப்பும் வலையும் கொண்ட தனிச் சட்டம் ஒன்று நிறுத்த வேண்டும். கொங்கிறீற் பலகை மெல்லியது, துளை போட்டால் வெடிக்கும். பூசாத மதில் பக்கத்து வீட்டாருடையது என்றால் அவர்கள் ஒருநாள் பூச வருவார்கள். அன்றைக்கு உங்கள் கொடி அவர்களுக்குத் தடையாக இருக்கக்கூடாது. சில பழைய வளவுகளில் அஸ்பெஸ்டஸ் தகட்டை நிறுத்தி வேலி ஆக்கியிருப்பார்கள். அதில் துளை போடவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கேடு.

வேலி அடுத்தவருடையது என்றால் வேலை தொடங்குமுன் ஒரு தடவை போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கிற தோரணை தேவையில்லை. “எங்கட பக்கம் கொஞ்சம் பூக்கன்று வைக்கப்போறம், உங்கட வேலியைத் தொடமாட்டம்” என்றால் போதும். பிறகு இலை விழுகிறது, பாம்பு வரும் என்று பேச்சு வந்தாலும் அது சண்டையாக வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்து பாருங்கள்

கன்று வாங்கப் போவதற்கு முன் காலை எட்டு, மதியம், மாலை நான்கு என்று மூன்று முறை வேலியின் முன்னால் நின்று வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கொழும்பில் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகை அளவில்தான் இருக்கிறோம். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் தலைக்கு நேரே வந்து, வடக்குப் பக்கம் போய், செப்டெம்பர் முதல் வாரத்தில்தான் திரும்புகிறது. அதனால் தெற்கு எல்லையில் நின்று வீட்டை, அதாவது வடக்கைப் பார்க்கும் வேலி ஆண்டு நடுவில் வெயில் காயும், மார்கழி தையில் நிழலில் கிடக்கும். வடக்கு எல்லை வேலிக்கு இது தலைகீழ். ஜனவரியில் பார்த்துவிட்டு “இங்கே நல்ல வெயில்” என்று காகிதப்பூவை வைத்து, ஜூனில் ஏன் பூக்கவில்லை என்று யோசித்தவர்களில் நானும் ஒருவன்.

காற்றும் பாருங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கம், அதாவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி ஒழுங்கைகளின் கடைசி வீடுகளில், தென்மேற்குப் பருவக்காற்று உப்பை அள்ளி வரும். மெல்லிய இலைச் செடிகளின் ஓரம் கருகும். அங்கே காகிதப்பூ தாங்கும், மென்மையான கொடிகள் தாங்காது.

பிறகு மண். இரண்டு இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டிப் பாருங்கள். மதில் ஓரத்தில் பெரும்பாலும் மண்ணை விடக் கல்லும் சீமெந்துக் கட்டியும்தான் வரும். வீடு கட்டியவர்கள் மிச்சத்தை அங்கேதான் புதைத்திருப்பார்கள். சீமெந்து கலந்த மண் காரமாகிவிடும், வெட்சி போன்றவை அதில் மஞ்சளித்து நிற்கும். உரம் போட்டும் பச்சை திரும்பாது. கட்டிகளை அள்ளி எறிவதுதான் மருந்து. தோண்டும்போது தண்ணிக் குழாய், மலக்குழி மூடி, வடிகான் எங்கே என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெயின்ற் செலவு வீண் செலவு அல்ல

செடி மூடுவதற்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் எடுக்கும். அதுவரை தகரம் தெரியும், மூடிய பிறகும் இலைக்கு இடையில் தெரியும். வெள்ளியாக மினுங்கும் தகரம் ஒரு சின்ன இடைவெளியிலும் கண்ணைப் பறிக்கும். வேலி உங்களுடையது என்றால் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு ஒன்று அடித்து, அதன் மேல் மினுக்கமில்லாத கடும் பச்சையோ மண்ணிறமோ அடியுங்கள். கறுப்பு அடித்தால் தகரம் இன்னும் நன்றாகக் கண்ணுக்கு மறையும். ஆனால் மேற்கு வெயில் படும் தகரத்தில் கறுப்பு அடித்தால் அது தோசைக்கல்தான். அடுத்தவருடைய தகரம் என்றால் பெயின்றை மறந்துவிட்டு, உங்கள் சட்டத்தின் பின்பக்கமாகப் பச்சை நிழல் வலையைக் கட்டுங்கள். பின்னர் கழற்றிவிடலாம்.

சட்டம்: பணம் போடவேண்டிய இடம் இதுதான்

வேலியில் இருந்து ஒரு அடி, இடம் இருந்தால் ஒன்றரை அடி முன்னால் ஒரு நூல் கட்டுங்கள். சட்டம் அந்தக் கோட்டில் வரவேண்டும். இடம் குறைந்த வளவில் இது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் விடாதீர்கள். மதியத் தகரச் சூட்டில் குருத்து கருகாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும், காற்று ஓடவும் வேண்டும். அதைவிட முக்கியம், பின்னால் கை நீட்டிச் சருகு அள்ளவும், தகடு கழன்றால் அவர்கள் வந்து ஆணி அடிக்கவும் இடம் இருக்கும்.

எட்டடி வேலிக்கு ஒன்றரை அங்குல ஜிஐ பைப் (நாகப்பூச்சுப் போட்ட இரும்புக் குழாய்) பத்தடி நீளத்தில் வாங்கி, ஆறடிக்கு ஒன்றாக, இரண்டடி நிலத்துக்குள் இறக்கிக் கொங்கிறீற் போடுங்கள். மேலேயும் முழங்கால் உயரத்திலும் குறுக்குப் பைப். இடையில் நான்கு அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்ட் மெஷ், அதாவது ஒட்டிய கம்பி வலை. சின்னக் கண் வலை மலிவு, ஆனால் தண்டு தடித்ததும் வலை அதை இறுக்கும். காய்ந்த கொடியை இழுத்து எடுக்கவும் முடியாது. பைப்பை வெட்டிய இடங்களிலும் ஒட்டிய இடங்களிலும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் விட்டால் கடற்காற்று அங்கேதான் தொடங்கும்.

ஒரு விஷயம் யாரும் சொல்லமாட்டார்கள்: பைப்பின் மேல்வாயை மூடுங்கள். திறந்த வாயில் மழைத்தண்ணி நிற்கும், அதில் நுளம்பு முட்டையிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்ரிக் மூடி, இல்லாவிட்டால் ஒரு பிடி சீமெந்து.

இவ்வளவு செலவழிக்க வசதி இல்லை என்றால் கதியால் போடுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீமைக்கிளுவைத் தடிகளை ஆறடி நீளத்தில் சரிவாக வெட்டி, மழை தொடங்கும்போது ஒரு அடி ஆழத்தில், மூன்றடிக்கு ஒன்றாக நடுங்கள். சில வாரங்களில் துளிர்க்கும். அதில் குறுக்குத் தடி கட்டிக் கொடியை ஏற்றலாம். வெட்டும் குழை அப்படியே பசளை. ஆனால் கதியால் உயிருள்ள மரம், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போய் மூன்று மாதம் நின்று வந்தால் காடாகிவிடும். கமுகஞ் சலாகையும் மூங்கிலும் பார்க்க அழகு, எங்கள் மழையில் இரண்டு வருடத்தில் உக்கும். ஒரு போக மரக்கறிக் கொடிக்கு என்றால் சரி.

என்ன நடுவது?

சட்டத்துக்கு முன்னால் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. மூன்றடிக்கு மேல் இருந்தால் கொடியை விடப் புதர் வேலிதான் என் தெரிவு. சட்டமே தேவையில்லை, அடியில் இருந்து நுனி வரை இலை. சிங்களத்தில் எட்டேரியா என்று சொல்லும் புதர்தான் எனக்குப் பிடித்தது. சின்ன இலை, வெட்டினால் சொல்வழி கேட்கும், மழைக்குப் பின் வரும் வெள்ளைப் பூவின் வாசம் ஒழுங்கை முழுக்கப் பரவும். இரண்டடிக்கு ஒன்று நடலாம். வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். செவ்வரத்தை வேகமாக வளரும், சாமிக்கும் பூ. ஆனால் மாவுப்பூச்சிக்கு அதுதான் முதல் விருந்து. நந்தியாவட்டை அரை நிழலிலும் பூக்கும்.

இரண்டடிக்குக் குறைவு என்றால் கொடிதான். இங்கே இரண்டு வேகங்களில் யோசியுங்கள். முதல் வருடம் வேலியை மறைக்க ஒன்று, பிறகு நிலைக்க ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் நடுங்கள். வேகத்துக்கு நீலக் காக்கணம், சங்குப்பூ என்றும் சொல்வார்கள். விதை போட்டு இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும், மண்ணுக்கும் நல்லது. அல்லது பயற்றை, பாகல், சிறகவரை. வேலி மறைகிறதோ இல்லையோ, கறி கிடைக்கும். பசளிக்கொடி கீழ்ப்பகுதியை நன்றாக மூடும்.

நிலைப்பதற்கு, நல்ல வெயில் என்றால் காகிதப்பூ அல்லது இரங்கூன் மல்லி. இரங்கூன் மல்லியின் பூ அந்தி சாயும்போது வெள்ளையாக விரிந்து, ரோஸாகி, சிவப்பாகி உதிரும். மூன்று நிறமும் ஒரே கொத்தில் இருக்கும். என் தகரத்தைச் சாய்த்ததும் இதுதான், இரண்டாம் தடவை நட்டதும் இதுதான். பைப் சட்டத்தில் அது ஒரு கரைச்சலும் தரவில்லை. வேரில் இருந்து புதுக்குருத்து வந்துகொண்டே இருக்கும், அதை மட்டும் வெட்டிவிட வேண்டும். காகிதப்பூ முள்ளுக்காரன், கை வைக்கும் பாதை ஓரத்தில் வேண்டாம். பழமும் வேண்டும் என்றால் கொடித்தோடையில் (பேஷன் புரூட்) மஞ்சள் இனம் கொழும்புச் சூட்டுக்கு ஏற்றது. ஒரு வருட அளவில் காய்க்கத் தொடங்கும், ஆனால் சில வருடங்களில் ஓய்ந்துவிடும், மறுபடி நடவேண்டும்.

நிழல் வேலிக்கு எல்லோரும் மணிபிளாண்ட் என்பார்கள். தவறில்லை. மேலே ஏறவிட்டால் இலை பெரிதாகும், தொங்கவிட்டால் சிறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு அந்த இடத்தில் வெற்றிலைக் கொடிதான் விருப்பம். ஈரமும் அரை நிழலும் அதற்குப் பிடிக்கும், நல்ல காரியம் வந்தால் கடைக்கு ஓடவேண்டியதில்லை. ஒடுங்கிய நிழல் மூலைக்கு டிரசீனா, கோடிலைன் வகைகளை நெருக்கமாக வைத்தால் கொடியே தேவைப்படாது.

வேண்டாதவையும் சொல்லிவிடுகிறேன். ஆல், அத்தி இனத்துப் பெருமரக் கன்றுகளை அலங்காரத்துக்கு என்று விற்பார்கள். எல்லையில் வைத்தால் வேர் மதிலுக்குள் போகும். அலரி நச்சுச் செடி, சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. சுவரில் பல்லிபோல ஒட்டி ஏறும் குட்டி இலை அத்திக்கொடி பூசாத மதிலில் மிக அழகு, ஆனால் ஒருமுறை ஒட்டினால் தடம் போகாது. மதில் உங்களுடையதாக இருந்தால் மட்டும்.

கன்று வாங்கப் பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் போகலாம், மாலபே வீதி ஓரங்களிலும் பார்க்கலாம். தமிழ்ப் பெயர் சொன்னால் விழிப்பார்கள், அதனால் செவ்வரத்தைக்கு வத மல், வெட்சிக்கு ரத்மல், நந்தியாவட்டைக்கு வத்துசுத்த, காக்கணத்துக்குக் கட்டரொளு என்று கேளுங்கள். உயரமான ஒற்றைத்தண்டுக் கன்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றரை அடி உயரத்தில், அடியில் இருந்தே மூன்று நான்கு கிளை விட்ட கன்றுதான் வேலிக்கு நல்லது. பையைத் தூக்கி அடியைப் பாருங்கள், வேர் சுற்றிச் சுற்றி வந்திருந்தால் வைத்துவிடுங்கள்.

நடும் காலமும் குழியும்

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, ஆனால் ஜனவரி பெப்ரவரியில் வானம் கைவிரிக்கும். பெப்ரவரி, மார்ச்சில் சட்டத்தை முடித்துவிட்டு, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரும் பின்னேர இடி மழையோடு நடுங்கள். மே காற்றுக்கு முன் வேர் பிடித்துவிடும். தவறவிட்டால் ஒக்டோபர்.

ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். நல்ல மண் இரண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கடையில் கொஹுபத் என்று கேட்டால் தருவார்கள். சில தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு தடவை தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து சேருங்கள். கன்றைச் சட்டத்தை ஒட்டி அல்ல, அரை அடி முன்னால் வைத்துத் தண்டைச் சட்டத்தின் பக்கம் சாய்த்து நடுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தெரியும், தாழ்ந்த நிலத்தில் குழி என்றால் குளம். அங்கே ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி மேட்டுப் பாத்தி கட்டுங்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்ட வீடு என்றால் ஒன்றரை அடி ஆழமான நீளத் தொட்டி, அடியில் ஓட்டை, செங்கல்லில் தூக்கி வைத்தது. கீழே தட்டு வைக்கவேண்டாம், அதுவும் நுளம்புக்குத்தான்.

கொடி ஏன் மேலே மட்டும் அடர்கிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், மறைக்கும் வேலை தோற்பது இங்கேதான். கொடிக்கு ஒரே எண்ணம், உச்சி. நுனிக்குருத்து இருக்கும்வரை கீழ்க் கணுக்கள் தூங்கும். நட்டு மூன்று வாரத்தில், புதுத் துளிர் கண்டதும், கன்றை ஒரு அடி உயரத்தில் வெட்டுங்கள். மனம் வராது. வீட்டில் திட்டும் விழும். “வைச்ச கன்றை ஏன் வெட்டுறாய்?” என்று அம்மா இரண்டு நாள் முகம் தரவில்லை. வெட்டிய இடத்துக்குக் கீழே மூன்று நான்கு கிளை வரும். அவற்றை மேலே விடாமல் விசிறிபோல இரண்டு பக்கமும் சாய்த்து, கிட்டத்தட்ட நிலத்துக்குச் சமாந்தரமாக மெஷ்ஷில் கட்டுங்கள். படுத்த தண்டில் கணுவுக்குக் கணு குருத்து எழும்பும். அவைதான் கீழ் இரண்டடியை மூடப்போகின்றவை. அடுத்த தட்டுக்கு வந்ததும் அதே வேலை. முதல் ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் கால் மணித்தியாலம் இதற்குப் போகும்.

கட்டக் கம்பி வேண்டாம். பழைய சாரத்தைக் கீலம் கீலமாகக் கிழித்து எட்டுப்போலச் சுற்றித் தளர்வாகக் கட்டினால் தண்டு அறுபடாது. சட்டத்தின் மேல்மட்டம் தாண்டும் குருத்தை அன்றே கிள்ளிவிடுங்கள். முதல் தடவை நான் விட்டது அதைத்தான்.

புதர் வேலிக்கும் இதே கணக்குத்தான். நினைத்த உயரம் வரும்வரை காத்திருந்து வெட்டினால் அடி வெறுமையாகிவிடும். முழங்கால் உயரத்தில் ஒருமுறை, இடுப்பில் ஒருமுறை வெட்டி ஏற்றுங்கள். அடி அகலமாகவும் மேல் கொஞ்சம் ஒடுங்கியும் இருந்தால் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும்.

பிறகு உள்ள வேலை

முதல் தை மாசியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நன்றாக ஊறத் தண்ணி விடுங்கள். நாள்தோறும் மேலாகத் தெளிப்பதில் பயனில்லை. காகிதப்பூ வேர் பிடித்த பிறகு கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். மாவுப்பூச்சிக்கு ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு துளி சவர்க்காரத் திரவம், மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். மழை மாதங்களில் ஆபிரிக்க நத்தை இரவில் வந்து இளங்கன்றை மொட்டையாக்கும். ரோர்ச் லைற்றோடு போய்ப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடவேண்டாம்.

அடியில் அரை அடி உயரம் இலை இல்லாமல் வைத்திருந்தால் பாம்பு, எலி பற்றிய பயம் குறையும், சருகும் அள்ளலாம். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் இப்படியான செடி மறைவுகளைத்தான் முதலில் கிளறுவார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வளவில் நுளம்பு பெருக விடுவது குற்றம். பின்பக்க இடைவெளிக்குள் யோகட் கோப்பை, சிரட்டை கிடக்காமல் வாரம் ஒருமுறை பாருங்கள். ஹெலிகோனியா, அன்னாசி இனத்து அலங்காரச் செடிகள் மடலில் தண்ணி பிடிப்பவை. வேலியோரத்தில் கண்மறைவாக வைக்காதீர்கள்.

பெரிய வெட்டு ஆண்டுக்கு ஒருமுறை, பருவக்காற்றுக்கு முன், ஏப்ரல் கடைசியில். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் காற்றுக்குப் பிடி குறையும்.

தகரம் போகும் நாளும் வரும். எங்கள் பக்கத்துக் காணியில் வீடு எழும்பி, ஒரு சனிக்கிழமை தகரத்தை எல்லாம் கழற்றி லொறியில் ஏற்றினார்கள். சட்டமும் கொடியும் அசையவில்லை. ஆனால் இரண்டு வருடம் நிழலில் இருந்த கொடியின் முதுகுப்பக்கம் திடீரென்று மாலை வெயிலைக் கண்டு ஒரு கிழமையில் பழுப்பேறியது. அப்படி நடந்தால் பதறி வெட்டாதீர்கள். அவர்களிடம் கேட்டு அந்தப் பக்கமாக ஒரு மாதம் நிழல் வலை கட்டிவிடுங்கள், புது இலை வெயிலோடேயே வளர்ந்து வரும்.